கைப்பிடிக்கு அடியில் இருந்த நீலம்

கஸ்தூரிரங்கன் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருஷம் அடுத்தவர் விபத்தை நம்ப மறுத்தே சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்றபின் அந்தச் சந்தேகத்தைக் கொட்ட இடமில்லாமல் தவித்தவருக்கு மாமனாரின் பழைய ஜப்பான் கார் வாய்த்தது. அடையாறில் மேலே ஒரு தகரம்கூட இல்லாமல் வருஷக்கணக்கில் வெயிலில் கிடந்த கார். அது மயிலாப்பூர் வந்து சேர்ந்த கொஞ்ச நாளிலேயே பழைய கார் விஷயத்தில் அவர் பெரிய அத்தாரிட்டி ஆகிவிட்டார். எப்படி ஆனார் என்று யாரும் கேட்கவில்லை. சத்தமாகப் பேசுகிறவரை நம்மூரில் யார் கேட்கிறார்கள்?

நந்தனத்தில் ஞாயிறு காலை கூடும் பழைய கார்க்காரர்கள் குழுவில் எது ஒரிஜினல் என்பதற்கு அவர் வாக்குதான் தீர்ப்பு. தன் காரின் உட்புற பிளாஸ்டிக் கம்பெனியிலிருந்தே சந்தன நிறம் என்று சாதித்துவந்தார். "எங்காத்துல இருந்தப்போ நீலமான்னா இருந்தது" என்று மனைவி ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். உனக்குப் புடவைக் கலர் தெரிந்தால் போதும் என்று வாயை அடைத்துவிட்டார்.

கோட்டூர்புரம் சாய்நாத்திடம் அதே வருஷத்து, அதே மாடல் கார். வெளுத்துப்போன உட்புறத்துக்கு, பெங்களூரில் யாரிடமோ விசாரித்து, வெளிர்நீலம் பூசியிருந்தார் பாவம். குழு நடத்தும் ஜனவரிக் கண்காட்சியில் அந்தக் காரை நிறுத்த வேண்டும் என்பது அவருடைய ஆசை. நீலம் டூப்ளிகேட் என்று கஸ்தூரிரங்கன் இரண்டு வருஷம் திருப்பி அனுப்பினார்.

இந்த வருஷம் அவருடைய காரின் பிளாஸ்டிக்கே சுண்ணாம்பு பூத்துவிட்டது. ஆதம்பாக்கத்தில் கார் உட்புறத்துக்குப் பெயிண்ட் அடிக்கும் அப்துல் சமதிடம் சந்தன நிறம் அடிக்கச் சொல்லி விட்டார். சமத் கதவுப் பலகையைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, கைப்பிடியை எடுத்தார்.

"சார், இங்க பாருங்க. வெயில் படாத எடம் ப்ளூவா கீது."

கைப்பிடி இருந்த இடத்தில் மட்டும் தெளிந்த வெளிர்நீலம். மற்றதெல்லாம் வெயிலில் பழுத்த மஞ்சள். கஸ்தூரிரங்கனுக்கு வியர்த்தது. சாய்நாத்துக்குச் செய்த அநியாயம் மனசில் வந்ததோ என்று நினைத்துவிடாதீர்கள். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் தன் பேச்சை எவன் கேட்பான் என்ற பயம்தான்.

"அதுக்கும் சேத்து அடிச்சுடுங்கோ, பாய்."

சமதுக்குச் சிரிப்பு வந்தது. கூலி வாங்கும் இடத்தில் சிரிக்க முடியுமா? உப்புத்தாளால் தேய்த்து, நீலத்தின் மேலும் பெயிண்டை அடித்தார்.

மார்கழியில் சாய்நாத் மூன்றாம் முறையாக வீட்டுக்கு வந்தார். உங்கள் காரின் கைப்பிடியைக் கழற்றி வெயில் படாத இடத்தை ஒரே ஒரு தடவை பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கஸ்தூரிரங்கன் தானே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தார். உள்ளே பளிச்சென்று சந்தனம். அந்த மனுஷன் தன்னைத்தானே நொந்துகொண்டு போனார்.

ஜனவரியில் வரிசையில் உட்புறம் சந்தன நிறமான இரண்டு கார்கள் நின்றன. சாய்நாத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க விடாப்பிடியா சொன்னதாலதான் சார் என் கார் ஒரிஜினல் ஆச்சு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கஸ்தூரிரங்கன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இனிமேலாவது கண்டவன் பேச்சைக் கேட்காதே என்று புத்தி சொன்னார்.