டீக்கடையில் கேட்ட டியூனிங்

மும்பை செம்பூரில் நான் மேலாளராக இருக்கும் சர்வீஸ் சென்டரில், டெக்னீஷியன் ஒருவர் பழைய ஸ்கூட்டரின் கார்புரேட்டரை டியூன் செய்துகொண்டிருந்தார். இன்ஜின் சத்தம் ஏறி, இறங்கி, சீரானது. தாராவியில் அப்பாவின் ஒர்க்‌ஷாப்பில் தினமும் கேட்ட சத்தம்.

டியூனிங் வேலை வந்தாலே அப்பா, மெக்கானிக் காசிமை எதிர்க்கடைக்கு டீ குடிக்க அனுப்பிவிடுவார். கற்றுக்கொண்டால் தனிக்கடை போட்டுவிடுவார் என்ற பயம். அப்பா காய்ச்சலில் படுத்த அன்று காசிமே டியூன் செய்தார். அதே சத்தம். மாடியிலிருந்து அப்பா போர்வையோடு இறங்கி வந்தார்.

“எப்பம்ல படிச்ச?”

“டீக்கடையில இருந்தா எல்லாம் கேக்கும்லா மொதலாளி.”

அன்று மாலை இருவரும் சேர்ந்து டீ குடித்தார்கள். காசிம் கடைசிவரை எங்கும் போகவில்லை.

ஸ்கூட்டரை டியூன் செய்த டெக்னீஷியனின் ராஜினாமாக் கடிதம் என் மேசையில் இருக்கிறது. அவருக்கு எல்லாப் பயிற்சியும் கொடுத்திருக்கிறேன். சேர்ந்து ஒரு டீ குடித்ததில்லை.