கூரைக் கல்லும் டிஷ் ஆன்டெனாவும்

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு பிரஷர் ஏறியதற்கு அரசியல் காரணம் இல்லை. ஒரு டிஷ் ஆன்டெனாதான்.

லுணுகலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கும் தங்கை செல்வி வீட்டுக்குப் போயிருந்தேன். கொழும்பில் வேலை பார்க்கும் அவள் மகள் அன்று மாலை டிவியில் பாடுகிறாள். தீபாவளிக்கு வந்து போன பிள்ளையை செல்வி அதற்குப் பிறகு பார்க்கவில்லை. போனில் பார்க்கலாமே என்கிறீர்களா? அங்கே போன் பேசவே மேட்டுக்கு ஏற வேண்டும்...

நிகழ்ச்சிக்குக் கொஞ்சம் முன்னால் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. வெளியே கச்சான் காற்று. அது அடிக்க அடிக்க, கூரை மேல் டிஷ் தலையாட்டிக்கொண்டிருந்தது.

செல்வியின் கணவர் ராஜு தகரக் கூரையில் ஏறினார். டிவி முன்னால் செல்வி, வாசலில் நான், மேலே அவர். அவள் சொல்வதை நான் கத்தினேன். இடது பக்கம் திருப்பினால் படம் வரும். கையை எடுத்தால் போய்விடும்.

நிகழ்ச்சி தொடங்கும் இசை கேட்டது. படம் இல்லை.

"வெயிட்டு பத்தல மாப்ள, ஏதாச்சும் தூக்கி வைங்க," என்று மேலே பார்த்துக் கத்தினேன்.

மேலே கல் உருளும் சத்தம். டிஷ் அசையாமல் நின்றது. படமும் பளிச்சென்று வந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது – லயத்துக் கூரையில் கல் எதற்கு இருக்கிறது? தகரம் காற்றில் பறக்காமல் இருக்கத்தானே? அதைத்தான் மாப்பிள்ளை எடுத்து டிஷ்ஷின் காலுக்கு வைத்திருக்கிறார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு தகரம் படாரென்று பெயர்ந்து, கோழிக்கூட்டைத் தாண்டி விழுந்தது. நல்லவேளை, ராஜு அதன் மேல் இல்லை. அடுத்த தகரமும் துடித்தது. கல்லைத் திரும்ப வைக்கச் சொல்லவா? வைத்தால் படம் போய்விடுமே. டிவியில் பிள்ளை மைக்கைப் பிடித்து நின்றாள்.

"செல்வி, வெளிய வா. கூரை போகுது."

அவள் திரும்பவில்லை.

"போகட்டும்ண்ணே. தகரத்த நாளைக்கு அடிச்சுக்கலாம். பிள்ள எளைச்சிருக்கா, பாருங்க."

மேலே ராஜு யாரிடமும் கேட்கவில்லை. துடித்த தகரத்தின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார், அந்தப் பாட்டு முழுக்க.

ஒன்றை நிறுத்த இன்னொன்றின் பாரத்தை எடுப்பதுதானே நம் எல்லோர் வீட்டிலும் நடக்கிறது? எடுத்த இடத்தில் கடைசியில் யாரோ ஒருவர் படுக்க வேண்டியிருக்கிறது.

பாட்டு முடிந்து கைதட்டல் கேட்டதும், தகரத்தில் கன்னத்தை வைத்தபடியே ராஜு கேட்டார்: "மச்சான், பிள்ள என்ன உடுப்பு போட்டிருந்துச்சு?"