இனி ஆளே வர வேண்டாம்

ஊரில் அவனுக்கு நியூட்ரல் என்று பெயர். லைன்மேனுக்கு அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் வேலையை மட்டும் நினைத்து வைக்கவில்லை. கடைத்தெருவை நடுவில் போட்டு ஊர் இரண்டாகக் கிடந்தது. மேற்குப் பக்கத்தாருக்கு ஒரு வழிபாட்டுக் கூடம், கிழக்குப் பக்கத்தாருக்கு இன்னொன்று. பல் பிடுங்கக்கூட அவரவர் பக்கத்து டாக்டரிடம்தான் போவார்கள். கரண்ட் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே கம்பியில் ஓடியது. வழி தெரிந்திருந்தால் அதையும் பிரித்திருப்பார்கள்.

அவன் மேற்குப் பக்கத்தில் பிறந்தவன். அங்கே வாரா வாரம் கூடத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுந்து நின்று, "கண்ணால் கண்டதுபோல் நம்புகிறேன்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். கூட்டத்தோடு கூட்டமாக முணுமுணுத்துத் தப்பிக்க முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாரம் எழுந்து நின்றான், வாய் வரவில்லை. கோபம், குடி, காதல் எதுவும் காரணமில்லை. உள்ளே தேடிப் பார்த்தான், நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான். "இல்லாததைச் சொல்ல முடியலை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

விஷயம் கேள்விப்பட்டு கிழக்குப் பக்கத்தார் வாயெல்லாம் பல்லாக வந்தார்கள். அவர்களிடமும் சொல்வதற்கு ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. அதையும் சொல்ல முடியாது என்றதும் மேற்குப் பக்கத்தாரைவிட இவர்களுக்குத்தான் கோபம் அதிகம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு பக்கமும் பெண் கொடுக்கவில்லை. மின்சார ஆபீஸ் ஸ்டோருக்கு மேலே ஓர் அறையில் தனிக்கட்டையாகவே காலம் ஓடியது. அதெல்லாம் அவனுக்குப் பழகிவிட்டது. அம்மாவைப் பார்க்க முடியாதது மட்டும் பழகவில்லை.

அம்மா அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் கூடத்தின் செயலாளர். "சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு இந்தப் படியேறு. அதுவரைக்கும் இங்க யாரும் உன்கூட பேச மாட்டாங்க" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டான். அம்மாவும் பேருக்கு நம்புகிறவள் இல்லை. அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அவளுக்குத் தொண்டை அடைக்கும். பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். அதனால் அவளைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

இப்படியே வருஷங்கள் போய், ஒரு நாள் அண்ணன் வீட்டிலிருந்தே ஆபீசுக்கு கம்ப்ளைன்ட் வந்தது, ஃபியூஸ் போய்விட்டது என்று. மேற்குப் பக்கத்து லைன் அவன் பொறுப்பு. கரண்டுக்காரனை உள்ளே விடாமல் இருட்டில் உட்கார அண்ணனுக்கும் கொள்கை அவ்வளவு முற்றவில்லை. ஏணியும் பையுமாகப் போனான். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். அம்மா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் ஃபியூஸ் கட்டையில் கம்பியைச் சுற்றினான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சும்மா ஐந்து நிமிட வேலை. அதை எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்தான்.

அடுத்த மாதமும் ஃபியூஸ் போனது. அப்புறம் அடிக்கடி போனது. ஒருமுறை அம்மா சுவரைப் பார்த்து, "வெயில்ல வந்தவங்களுக்குத் தண்ணி கொடுக்கணும்" என்றாள். அண்ணி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் கூரையைப் பார்த்தான். தண்ணீர் வந்தது. அன்றைக்கு அவன் அறைக்குத் திரும்பியபோது கால் தரையில் பாவவில்லை.

ஆனால் வேலைக்காரப் புத்தி சும்மா இருக்குமா? கழற்றிய கம்பியைப் பார்த்தால் எரிந்த தடம் இல்லை. நுனியில் கருப்பு இல்லை, உருகிய மணி இல்லை. யாரோ வெட்டியிருக்கிறார்கள். அண்ணனுக்கு வேண்டாதவன் எவனோ விளையாடுகிறான் என்று நினைத்தான். அம்மா இருக்கிற வீடு, ஏடாகூடமாக ஏதாவது ஆகிவிட்டால்? அடுத்த முறை கைக்காசைப் போட்டு, ஃபியூஸ் கம்பியே தேவைப்படாத டிரிப்பர் ஸ்விட்ச் ஒன்று வாங்கிக்கொண்டு போனான். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுவிட்டு அதை மாட்டினான்.

அம்மா மெதுவாகக் கேட்டாள், சுவரிடம்தான். "அப்ப இனிமே போகாதா?"

அவன் பெருமையோடு சொன்னான். "போகாது. விழுந்தாலும் நீங்களே தூக்கிவிட்டுக்கலாம். இனி ஆளே வர வேண்டாம்."

அம்மா உள்ளே போய்விட்டாள்.

சொன்னது சொன்னபடி நடந்தது. அந்த வீட்டிலிருந்து கம்ப்ளைன்ட் வரவே இல்லை. ஒரு நாள் பையை உதறிச் சுத்தம் செய்யும்போது பழைய ஃபியூஸ் கம்பி ஒன்று கையில் அகப்பட்டது. நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். ஒரே வெட்டாக இல்லை, நசுங்கி நசுங்கி இரண்டு கடி. அம்மாவின் மழுங்கல் கத்தரிக்கோல் அப்படித்தான் வெட்டும். பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் தைத்துவிட்டு நூலை அந்தக் கத்தரிக்கோலால் இரண்டு கடியாக வெட்டுவாள். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேனே என்று அழுதான்.

அதன்பின் ஆபீசில் ஃபோன் அடித்தால் முதலில் அவன்தான் ஓடினான். "மேற்குப் பக்கமா?" என்பான். ஒரு பெரிய காற்று அடிக்கட்டும், மரம் முறிந்து அந்த வீட்டுக் கம்பிமேல் விழட்டும் என்று வேண்டிக்கொண்டான். யாரிடம் வேண்டினான் என்று கேட்கக்கூடாது. அண்ணன் வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில் ஏறினால் அடுத்த தெருவரைக்கும் தெரியும், அம்மா படுக்கிற அறை மட்டும் தெரியாது. தெரிந்தும் ஏறினான்.

காற்று வரவில்லை. அண்ணிதான் ஆள் அனுப்பினாள், அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று. அப்போது அவன் காலையிலிருந்து ஒரு பெரிய பழுதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். போட்டது போட்டபடி ஓடினான்.

வாசலில் கூடத்துப் பெரியவர்கள் நின்றார்கள். அண்ணன் கண் சிவந்திருந்தது. கத்தவில்லை, கெஞ்சினான். "ஒரே ஒரு வார்த்தைடா. இவங்க முன்னாடி சொல்லிட்டு உள்ள வந்துடு. என்னால வேற எதுவும் செய்ய முடியாது."

உள்ளறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலின் கால்மாடும் போர்வையும் மட்டும் தெரிந்தன. இத்தனை வருஷம் பிடித்த பிடி அந்தப் போர்வையைப் பார்த்ததும் தளர்ந்துவிட்டது. சொல்லித் தொலைத்தால் என்ன, உதடு என்ன தேய்ந்துவிடப் போகிறது? செருப்பைக் கழற்றினான். "கண்ணால்..." என்று ஆரம்பித்தான்.

"வேணாம்டா."

அம்மாவின் குரல். பெரியவர்கள் திரும்பினார்கள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அது நான் மெய்யா சொல்ற வார்த்தை. எனக்காக நீ அதைப் பொய்யா சொல்லாதே. என்னால தாங்க முடியாது."

"அப்ப எப்படிம்மா உள்ள வருவான்?" என்றான் அண்ணன்.

"வர வேணாம்." பிறகு, "அங்கேயே நில்லுடா. நான் பேசறது கேக்குதா?"

"கேக்குதும்மா."

இத்தனை வருஷத்தில் அவள் சுவரை விட்டுவிட்டு அவனிடமே பேசியது அன்றுதான். அவன் வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நாலு எட்டு வைத்தால் கட்டில். வைக்கவில்லை. அண்ணன் சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டான். பெரியவர்களில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

"சாப்ட்டியாடா?" என்றாள் அம்மா.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை.

"வயிறு முட்ட சாப்ட்டேம்மா" என்றான்.