இல்லை என்று சொல்லவாவது

சென்னையிலிருந்து அந்த அழைப்பு வந்தபோது டெலிபோன் போர்டின் முன்னால் நான் மட்டும்தான் இருந்தேன். வழக்கம்போல எந்த நம்பர் வேண்டும் என்று கேட்டேன். "நம்பர் வேணாம்மா. அங்க எக்ஸ்சேஞ்சுல வசந்தான்னு இருக்காங்களாமே, அவங்ககிட்டதான் பேசணும்" என்றார் ஒருவர். நான்தான் என்றேன். தவமணியின் அண்ணன் அவர். அன்று காலை ஆஸ்பத்திரியில் தவமணி போய்விட்டாள் என்று சொன்னார்.

காஞ்சிபுரத்தில் டிரங்க் கால் போட்ட உங்களுக்கெல்லாம் அவள் குரல் நினைவிருக்கும். முகத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். என் பக்கத்து நாற்காலி அவளுடையது.

மழை வந்தால் பெங்களூர் லைன் படுத்துவிடும். நாங்களெல்லாம் "இருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். லைன் கிடைத்தால்தான் மறுபடி கூப்பிடுவோம். தவமணியோ, லைன் கிடைக்காவிட்டாலும் கூப்பிட்டுச் சொல்லுவாள். பட்டுக்கடை முதலாளிக்கும் அப்படித்தான், அந்தக் கடை போனில் மகனிடம் பேச வந்து நிற்கும் நெசவாளிக்கும் அப்படித்தான். வேலை தேங்குகிறது என்று மேலதிகாரி திட்டுவார். "கிடைக்காததை எதுக்குடி மெனக்கெட்டு சொல்லிக்கினு இருக்கே?" என்று நானும் கேட்டிருக்கிறேன்.

"இல்லன்னு சொல்றதுக்காவது திரும்பிப் போவணும்மா. பாவம், வேற வேலையாவது பாப்பாங்க இல்ல?" என்பாள்.

போர்டில் பழகியது தெருவுக்கும் வந்துவிட்டது. பூ வேண்டாத நாளில் நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்போம். அவள் சாலையைக் கடந்துபோய், "இன்னிக்கு வேணாம்கா" என்று பூக்காரியிடம் சொல்லிவிட்டு வருவாள். "கருடசேவைக்கு வரதர் வந்தாகூட, இன்னிக்கு வேண்டுதல் ஒண்ணும் இல்ல சாமின்னு போய் சொல்லிட்டு வருவா இவ" என்று கிண்டல் செய்வோம். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

வாலாஜாவிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். வேலையை விட்டுவிட வேண்டும் என்றார்கள். தவமணிக்கு அதில் சம்மதமில்லை. நம் பக்கத்தில் வேண்டாம் என்று யார் வாய்விட்டுச் சொல்கிறார்கள்? பதில் போடாமல் இருந்தால் அவர்களே புரிந்துகொள்வார்கள் என்று அவள் அப்பா சும்மா இருந்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இவளே பஸ் ஏறிப் போய் மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தாள். பெண்ணே வந்து வேண்டாம் என்கிறாளா என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. அதற்குப் பிறகு தவமணிக்கு வேறு வரன் வரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. "ஏண்டி உனக்கு இந்த வேலை?" என்றேன்.

"அவங்க காத்துக்கினு இருப்பாங்களேமா" என்றாள். அவ்வளவுதான். தினமும் லைனில் சொன்ன சின்னச் சொல் அவளுக்கு ஒரு வாழ்க்கையையே தீர்மானித்துவிட்டது. அதற்காக அவள் வருத்தப்பட்டாளா என்று எனக்குத் தெரியாது. நான் பட்டேன்.

வயிற்றுவலிக்குச் சென்னையில் காட்டச் சொன்னபோது பஸ் ஸ்டாண்டுவரை கூடப் போனேன். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர் என்னா சொல்றாருன்னு போன் பண்ணி சொல்றேன்மா" என்றாள். அன்றிலிருந்து சென்னை அழைப்பு ஒவ்வொன்றையும் அவளென்று நினைத்துத்தான் எடுத்தேன்.

அவள் அண்ணன் அன்று போனை வைப்பதற்கு முன் ஒன்று சொன்னார். "எது ஆனாலும் வசந்தாவுக்கு சொல்லிடுண்ணா, அது காத்துக்கினு இருக்கும்னு நேத்து சொல்லிச்சும்மா. அதான் வீட்டுக்குக்கூட சொல்லாம மொதல்ல உங்களுக்குப் போட்டேன்."

பெங்களூர் லைனுக்காக ஒருவர் அப்போது காத்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டு, இன்னும் கிடைக்கவில்லை என்று சொன்னேன். தவமணியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். இப்போது தினமும் செய்கிறேன். பக்கத்து நாற்காலியில் வேறொரு பெண் வந்துவிட்டாள், நல்ல பெண்தான். ஆனாலும் சென்னை அழைப்பு வரும்போதெல்லாம் கை ஒரு கணம் நிற்கிறது. இனி எனக்கென்று அங்கிருந்து யாரும் கூப்பிடப்போவதில்லை என்பதையும் அவளே சொல்லி அனுப்பிவிட்டுத்தான் போயிருக்கிறாள்.