வத்தலக்குண்டில் ஒரு தனிக் குவளை

கொடைக்கானலில் ஆசிரியர்களுக்கு நடந்த அமெரிக்க வரலாற்று வகுப்பு முடிந்து இறங்கி வருகிறேன். வத்தலக்குண்டில் தூறல். வெள்ளையருக்கு ஒரு குழாய், கறுப்பருக்கு வேறு குழாய் என்று வகுப்பில் காட்டிய படத்தை நினைத்தால் இன்னும் கொதிக்கிறது.

டீக்கடை பெஞ்சில் என் கையில் கண்ணாடித் தம்ளர். வெளியே நனைந்தபடி நிற்கும் ஒருவர், கூரையில் செருகியிருந்த தனிக் குவளையை எடுத்து நீட்டுகிறார். கடைக்காரர் அதில் படாமல் உயரத்திலிருந்து ஊற்றுகிறார்.

“உள்ளே வந்து உட்காருங்கண்ணே,” என்று நகர்ந்து இடம் விடுகிறேன்.

அவர் கடைக்காரரைத்தான் பார்க்கிறார். “வேணாஞ் சாமி. நீங்க பஸ் ஏறிப் போயிருவீக. நான் நாளைக்கும் இங்கதான வரணும்.”

பாதி டீயைக் கொட்டி, குவளையைத் தானே கழுவிச் செருகிவிட்டு விறுவிறுவென்று நடக்கிறார்.

திண்டுக்கல் பஸ் வருகிறது. அவர் சொன்னபடியே ஏறிக்கொள்கிறேன்.