பிளாட்டினம் ஏறிய உடம்புக்குத் தண்ணீர்

மாதவிலக்கு நின்று சில வருடங்களுக்குப் பிறகு, ஒருநாள் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது சேலையில் இரத்தம் பட்டது. வெட்கப்படாமல் போய்க் காட்டினேன். அதனால்தான் இதை எழுத உயிரோடு இருக்கிறேன். இப்படிப் பட்டால் நீங்களும் போய்க் காட்டிவிடுங்கள்.

பதுளை ஆஸ்பத்திரியில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் (கருப்பையின் வாய்ப்பகுதியில் வருவது) என்றார்கள். கதிர்ச் சிகிச்சையோடு, வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் (பிளாட்டினம் என்ற உலோகத்தைக் கொண்ட மருந்து) ஏற்ற வேண்டும்.

உலோகம் என்றதும் என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் தெமோதரைப் பக்கத் தோட்டத்தில் தேயிலைக்குச் செம்பு மருந்து (பூஞ்சண நோயைத் தடுக்கும் கலவை) அடிப்பவர். அடித்தது காயும் முன் மழை பிடித்தால் வேலை பாழ். அந்தப் பாடத்தை என் உடம்புக்கும் பொருத்திவிட்டார்.

நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லித்தான் நர்ஸ் அனுப்பினார். லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடு) வந்ததும் இவர் தண்ணீர்க் கேத்தலை (கெட்டில்) எடுத்து மறைத்துவிட்டார்.

"தொண்டைய மட்டும் நனைச்சுக்க. மருந்து புடிக்கட்டும். கழுவிட்டுப் போயிருச்சுன்னா ஏத்துனதே வீண்."

"நாக்கு ஒட்டுதுங்க."

"பொறுத்துக்க புள்ள."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

அடுத்த வாரம் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றாமல் இரத்தத்தில் தேங்கும் கழிவு) ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்துவந்த யாழ்ப்பாணத்துக்கார டாக்டரின் முகம் சுருங்கியது.

"தண்ணி குடிக்கேல்லையோ அம்மா? இது இறங்காட்டி மருந்தைத் தொடரேலாது."

கணவர் மழைக்கதையைச் சொன்னார். கோபப்படப்போன டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஐயா, மருந்து செல்லுக்குள்ளை போய்த் தன்ரை வேலையைச் செய்துபோடும். மிச்சம் கிட்னியிலை தங்கினாத்தான் வில்லங்கம். அதைக் கழுவத்தான் தண்ணி."

சேலைன் ஏற்றி வார்டில் வைத்தார்கள். கணவர் கட்டிலோரம் உட்கார்ந்து குவளையை நீட்டிக்கொண்டே இருந்தார். சில நாட்களில் கிரியேட்டினின் இறங்கியது. மருந்து தொடரும் என்றபோது வாய்விட்டு அழுதேன்.

சிகிச்சையெல்லாம் முடிந்து எடுத்த ஸ்கேனில் கட்டி தெரியவில்லை.

"கிட்னிய நோகடிக்காத மருந்து வராதுங்களா சார்?" என்று கணவர் கேட்டார்.

"தேடிக்கொண்டுதான் இருக்கினம். வினையூக்கி (தான் தீர்ந்துபோகாமல் வேதிமாற்றத்தை நடத்தும் பொருள்) மாதிரியான உலோக மருந்துகள். உள்ளுக்குப் போனது திரும்பத் திரும்ப வேலை செய்யும். கனக்கத் தேவையில்லை, கொஞ்சம் குடுத்தாலே காணும், கிட்னிக்கும் பாரம் குறையும் எண்டு நம்பிக்கை. இன்னும் ஆய்வுகூடத்திலைதான்."

பிறகு என்னிடம், "இனி மூண்டு மாசம் கழிச்சுச் செக் பண்ண வாங்கோ" என்றார்.

தோட்டத்தில் எங்களுக்குக் காலம் என்பது அடுத்த காலைப் பெரட்டு (வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரம்) வரைதான். இப்போது மூன்று மாதத்தை மொத்தமாகக் கையில் கொடுத்துவிட்டார்கள். கூடை சுமக்க இன்னும் தெம்பில்லை. ஆனாலும் சிறுநீர் தாராளமாகப் போகும் ஒவ்வொரு முறையும், இந்த உடம்பு எனக்காக உழைக்கிறதே என்று சந்தோஷப்படுகிறேன்.