வராத அழுகை

கல்வெட்டு என்று எங்கள் ஆட்கள் சொல்வது கல்லில் வெட்டுவதை அல்ல, ஒரு சின்னப் புத்தகத்தை. வீட்டில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்களின் கையில் அதைக் கொடுப்பார்கள். அட்டையில் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிறகு புலம்பல்கள். மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், சகோதரர் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று உறவு உறவாகத் தலைப்புப் போட்டு, அவரவர் அழுவதாகப் பாட்டு இருக்கும். அவர்களில் ஒருவர்கூட ஒரு வரி எழுதியிருக்கமாட்டார். கவி கட்டுகிற ஆள் ஒருவர் எல்லோருக்குமாக அழுது கொடுப்பார். ராகம் தெரிந்த ஒருவர் கிரியை வீட்டில் அதைப் பாடுவார்.

தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில் நான் செய்த வேலை இந்தக் கல்வெட்டுகளுக்குக் கொம்பியூட்டரில் எழுத்துக் கோப்பது. ஸ்பாடினா வீதிக்குப் பின்னால் ஒரு சின்ன அச்சகம். முதலாளி சீனர். சீனச் சாப்பாட்டுக் கடைகளின் விலைப்பட்டியலும் கல்யாண அட்டைகளும்தான் அவருடைய பிழைப்பு. எங்கள் சனம் வந்து குவியக் குவியத் தமிழ் வேலையும் வரத் தொடங்கியது. அதற்காக என்னைப் பிடித்துப் போட்டார்.

எத்தனை கல்வெட்டுக் கோத்திருப்பேன்! எல்லாவற்றிலும் ஆறாத்துயர், எல்லாவற்றிலும் மீளாத்துயில், எல்லா மனைவிமாரும் கொடி போலத் துவண்டார்கள். ஒருவருடைய கல்வெட்டில் பெயரை மாற்றி அடுத்தவருக்குக் கொடுத்தாலும் ஒரு குருவிக்கும் தெரியவராது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்போது நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு சிற்றிதழ் நடத்திக்கொண்டிருந்தோம். நூற்றைம்பது பேர் வாசித்தார்கள், அதில் நூறு பேர் எங்களுடைய முகத்துக்காக வாங்கியவர்கள். ஆனால் மண்டைக்கனத்துக்கு மட்டும் குறைவில்லை. தமிழை நாங்கள் மூன்று பேரும்தான் தூக்கி நிறுத்துகிறோம் என்ற நினைப்பு.

அச்சகத்தில் சீன எழுத்து வேலை செய்தவர் ஒரு பெண், என்னைவிட ஒரு வயதோ இரண்டு வயதோ கூட. தன் நாட்டில் பள்ளிக்கூடத்தில் இலக்கியம் படிப்பித்தவர் என்று அறிந்த நாள் முதல் நான் அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிட்டேன். எனக்கு வந்த ஆங்கிலம் அரைவாசி, அவருக்கு வந்தது அரைவாசி. இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு ஆங்கிலம் தேறும். அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சண்டை பிடிப்போம்.

ஒருநாள் மத்தியானம் ரீச்சர் ஒரு சீனக் குடும்பத்தின் மரண அறிவித்தலை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். நடுவில் இருந்த பெரிய எழுத்துகளைக் காட்டி, அது யாரும் வாயால் பேசாத பாஷை என்றார். அங்கேயும் இந்தக் கூத்து இருக்கிறதா என்று கேட்டேன். அப்போதுதான் அவர் அந்தக் கதையைச் சொன்னார்.

சீனத்தில் ஆயிரக்கணக்கான வருடங்களாக எழுத்துக்கு ஒரு பாஷை, வாய்க்கு ஒரு பாஷை. எழுத்துப் பாஷையைப் படித்து முடிக்க வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் நேரம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வெளிநாட்டில் படித்தவர்களும் சஞ்சிகை நடத்தியவர்களுமாகச் சில இளம் ஆட்கள் எழும்பி, இது போதும் என்றார்கள். சொல்ல ஏதாவது இருந்தால் மட்டும் எழுது. பழைய ஆட்களைப் பார்த்துக் கொப்பி அடிக்காதே. தேய்ந்த சொல்லைத் தூக்கி எறி. வரிகளைச் சோடி சோடியாகக் கட்டுவதை விடு. சந்தையில் பேசுகிற சொல்லுக்கு வெட்கப்படாதே. வராத அழுகையை வந்ததாக எழுதாதே. ரீச்சர் விரல் மடித்து மடித்துச் சொன்னார்.

நான் கதிரையை விட்டே எழும்பிவிட்டேன். எனக்காகவே யாரோ எண்பது வருடத்துக்கு முன்பு சொல்லிவைத்தது போல இருந்தது. ஒரு கழிவுத் தாளின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் தமிழில் எழுதி, கொம்பியூட்டருக்கு மேலே சுவரில் ஒட்டினேன். ரீச்சர் "ஆனால்" என்று ஏதோ தொடங்கினார். நான் கேட்கவில்லை. எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டது, மிச்சம் எதற்கு?

அடுத்த வசந்தத்தில் என் அத்தான் செத்துப்போனார். அக்காவின் புருஷன். வாடகை வீடு போதும் என்று ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸில் வீடு வாங்கிப் போய் ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. வேலைக்குப் போக கோ ட்ரெயின் நிலையத்தில் நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார், நெஞ்சு. நாற்பத்தாறு வயது. அவருடைய அம்மா, எங்கள் மாமி, யாழ்ப்பாணத்தில். பிள்ளைகளில் மிஞ்சியிருந்தது இவர் ஒருவர்தான். போர்க்காலம், வர வழியில்லை. மகன் செத்த செய்தியை அந்த மனுஷி கேட்டது எட்டாம் நாள்.

கல்வெட்டுக்கு அக்கா ஸ்காபரோவில் கவி கட்டுகிற ஓர் அங்கிளைப் பிடித்து எல்லாம் எழுதி வாங்கியிருந்தா. அந்தத் தாள்களைக் கொண்டுவந்து என் கையில் தந்தா. நான் சமையலறை மேசையில் இருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். இன்றைக்கும் அந்த மேசை கண்ணுக்குள் நிற்கிறது. எனக்குப் பிடித்த சனியன் அன்றைக்கு அங்கே என் பக்கத்துக் கதிரையில்தான் இருந்திருக்க வேண்டும்.

"அக்கா, உதொண்டும் வேண்டாம். அத்தானைப் பற்றி நானே எழுதுறன். உண்மையா, அவர் இருந்த மாதிரி."

"அந்த அங்கிள் மினக்கெட்டு எழுதினவர், தம்பி."

"உதில அத்தான் எங்கை இருக்கிறார்? ஆருக்கும் பொருந்துற பாட்டு."

நான் பக்கம் பக்கமாக வெட்டினேன். மனைவி புலம்பல் போனது, பிள்ளைகள் புலம்பல் போனது. கடைசியில் தாய் புலம்பல் வந்தது. அக்கா கையை நீட்டி அந்தத் தாளின் மேல் வைத்தா.

"மாமியின்ரை பக்கத்தை மட்டும் விடன்ரா. புத்தகம் போனால் அவ தேடிப் பாப்பா எல்லோ."

"மாமி அங்கை என்ன சொல்லி அழுதவ எண்டு உனக்குத் தெரியுமோ? எனக்குத் தெரியுமோ? தெரியாத அழுகையை நாங்கள் இஞ்ச இருந்து அச்சடிக்கிறது பொய், அக்கா."

அக்காவுக்குச் சண்டை பிடிக்க உடம்பில் தெம்பில்லை. "என்னவோ செய்" என்று கையை எடுத்தா. நான் வெட்டினேன்.

அத்தானைப் பற்றி நான் எழுதியது மோசம் என்று சொல்லமாட்டேன். பனி கொட்டின காலையில் பக்கத்து வீட்டுக் கிழவருடைய வாசலையும் சேர்த்து வழித்துவிட்டு வேலைக்குப் போவதை எழுதினேன். தேத்தண்ணியைச் சாசரில் ஊற்றிக் குடிப்பதை எழுதினேன். எல்லாம் பேச்சுத் தமிழில். கல்வெட்டுகளில் இது ஒரு புரட்சி என்று சிற்றிதழ் நண்பர்கள் முதுகில் தட்டினார்கள். எனக்குத் தலை கால் தெரியவில்லை.

முப்பத்தோராம் நாள் அஜக்ஸ் வீட்டில் சனம் நிறைந்திருந்தது. வழக்கமாகப் பாடுகிறவர் புத்தகத்தை வாங்கி முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டினார். பாட்டு இல்லை. வேறு வழியில்லாமல் எழும்பி நின்று வாசித்தார். வானொலிச் செய்தி மாதிரி இருந்தது. ஓரிடத்தில் சிலர் சிரித்தார்கள், பிறகு சிரித்ததற்காகக் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்தார்கள். வாசித்து முடிந்ததும் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அக்கா கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் சுவரோடு இருந்தா. அதைக்கூட நான் எனக்குச் சாதகமாகத்தான் எடுத்துக்கொண்டேன், பார், ஒரு நாடகமும் இல்லை என்று.

கொழும்புக்குப் போன ஒருவரிடம் அக்கா ஐந்து புத்தகம் கொடுத்துவிட்டா. அங்கிருந்து கைமாறிக் கைமாறி அது யாழ்ப்பாணம் போய்ச்சேர மூன்று மாதம் எடுத்தது. பதில் கடிதம் வர இன்னும் ஒரு மாதம். மாமிக்கு எழுத வராது. பக்கத்து வீட்டுப் பெட்டைப்பிள்ளை அவ சொல்லச் சொல்ல எழுதியிருந்தாள். அக்கா அதை அச்சகத்துக்கே கொண்டுவந்து என் மேசையில் வைத்தா.

"புத்தகம் கிடைச்சது, பிள்ளை. படம் நல்ல வடிவு. இவள் எல்லாப் பக்கமும் வாசிச்சுக் காட்டினவள். புலம்பல் பக்கங்கள் ஒண்டையும் காணேல்லை, என்ரை பக்கமும் இல்லை. அஞ்சு புத்தகத்திலையும் பாத்தம், இல்லை. தைக்கேக்கை தவறிப்போச்சுதோ தெரியேல்லை. தம்பிதானே அச்சடிச்சவர், அவரிட்டைக் கேட்டு, கிடந்தால் அதை மட்டும் அனுப்பிவிடுங்கோ. என்ரை பிள்ளைக்கு நானும் அழுததாக இருக்க வேணும்."

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். எங்கே என் பக்கம் என்று திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு நியாயம் சொல்லியிருப்பேன், எனக்கு வாய்க்கா பஞ்சம்? மனுஷி யாரையும் குறை சொல்லவில்லை. தையலில் தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டா. வேண்டுமென்றே ஒருவன் வெட்டி எறிவான் என்பது அவவுடைய புத்திக்கு எட்டவே இல்லை. எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது. அது வந்த அழுகைதான், ஆனால் என்ன பிரயோசனம்?

ரீச்சர் பார்த்துவிட்டார். கடிதத்தில் இருப்பதைச் சொன்னேன். அவர் சுவரில் நான் ஒட்டிய தாளை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்றைக்கு நான் மிச்சத்தைச் சொல்ல வந்தேன். நீ கேட்கவில்லை" என்றார்.

"இப்போது சொல்லுங்கள்."

"பழையதை எறியச் சொன்ன ஆட்களில் எத்தனையோ பேர் கடைசிவரை பழைய யாப்பில் கவிதை எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். அச்சுக்குக் கொடுக்காமல், தங்களுக்குள்ளே. கூட்டாளி ஒருவர் செத்தால் அதில்தான் அழுதார்கள். என் அப்பாவும் பேச்சுப் பாஷையில் பாடம் நடத்தியவர்தான். அம்மா செத்தபோது வெள்ளைத் தாளில் பழைய எழுத்தில் இரண்டு வரி எழுதிக் கதவுக்கு இரண்டு பக்கமும் ஒட்டினார்."

"அப்படியென்றால் அவர்கள் சொன்னது பிழையா?"

"பிழை என்று யார் சொன்னது?" ரீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவர்கள் சொன்னதால்தான் என் அம்மா முப்பது வயதில் எழுத்துக் கூட்டிப் பேப்பர் வாசித்தார். பள்ளிக்கூடத்துக்குச் சொன்னதை நீ செத்த வீட்டுக்குக் கொண்டுபோனாய்."

வெட்டிய தாள்களை நான் எப்போதோ அச்சகத்துக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டேன். ஸ்காபரோவுக்குப் போய் அந்த அங்கிளின் கதவைத் தட்டி, தாய் புலம்பலை மறுபடி எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை, இருக்கச் சொல்லி அரை மணித்தியாலத்தில் எழுதித் தந்தார். ஒரு சொல்லையும் தொடாமல் கோத்தேன். கல்வெட்டின் அதே அளவு, அதே எழுத்து, அதே கறுப்புக் கரை. ரீச்சர் தாளை வெட்டித் தந்தார், விளிம்பில் தைத்த ஓட்டைபோல இரண்டு ஓட்டையும் போட்டார். தையலில் இருந்து தவறிய பக்கம் என்றே மாமி நினைக்கட்டும் என்றார்.

ஆனால் கொண்டுபோக ஆள் கிடைக்கவில்லை. ஆள் கிடைத்தபோது பாதை இல்லை. அந்த மாரியில் யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் மூட்டை முடிச்சோடு இடம்பெயர்ந்தது. மாமி எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்த மரத்தடியில் இருக்கிறா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தாள் அக்காவின் அலுமாரியில் கிடந்தது. நான் போகும்போதெல்லாம் அதைப் பற்றிக் கேட்க நினைப்பேன், கேட்கமாட்டேன். வெயில் காலத்தில் மாமி செத்துப்போனா என்று செய்தி வந்தது. அதுவும் பிந்தித்தான் வந்தது.

மாமிக்கு அழ ஊரில் ஒருவரும் மிஞ்சவில்லை. மருமகள் என்ற முறையில் அக்காதான் அஜக்ஸில் முப்பத்தோராம் நாள் செய்தா. கல்வெட்டு வேலையை என்னிடம் தரவில்லை. வேறு ஓர் அச்சகத்தில் கொடுத்திருந்தா. எனக்கு அது வாசலில் புத்தகத்தை நீட்டியபோதுதான் தெரியும். கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது?

சனம் இருந்ததும் அக்கா என்னிடம் வந்தா.

"நீ வாசி."

"எனக்கு ராகம் வராது, அக்கா."

"வராட்டிப் பறவாயில்லை. வாசி."

எழும்பி நின்றேன். மருமகள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல். கட்டைக் குரலில் எப்படியோ இழுத்து இழுத்துப் பாடினேன். பக்கத்தைப் புரட்டினால் மகன் புலம்பல் என்று தலைப்பு. மாமிக்கு இருந்த மகன் அத்தான்தான். அவர் செத்து ஒரு வருடத்துக்கு மேல். செத்துப்போன மகன் தாய்க்காக அழுவதாக அக்கா எழுதுவித்திருந்தா. நிமிர்ந்து பார்த்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தா.

தொடங்கினேன். இரண்டு வரி போனது. மூன்றாவது வரியின் நடுவில் நின்றுவிட்டேன். எவ்வளவு முயன்றும் சத்தம் வரவில்லை. அப்போது பின்வரிசையில் இருந்த ஓர் அன்ரி, யார் என்றே எனக்குத் தெரியாது, விட்ட இடத்திலிருந்து அந்த வரியை எடுத்துப் பாடினா. பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அக்கா வாய்விட்டு அழத் தொடங்கினா. அத்தான் செத்ததிலிருந்து அவ அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அந்த அன்ரியின் கையில் புத்தகம் இருக்கவில்லை. எல்லாக் கல்வெட்டிலும் வருகிற வரி அது. நானே எத்தனையோ தடவை கோத்து, தேய்ந்தது என்று சிவப்புப் பேனாவால் வெட்டிய வரி. அவவுக்கு அது மனப்பாடமாக இருந்தது.